ஞாயிறு நடை: ஓய்வு பெற்ற கலங்கரை விளக்கங்களைத் தேடி

குழு நண்பர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்குப் பாரிமுனை டேர் ஹவுஸ் வாசலில் கூடுகிறோம். 1940இல் எழுந்த ஆர்ட் டெகோ பாணிக் கட்டடம் அது. கடைகள் மூடியிருப்பதால் அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்து நடக்க முடியும்.

இந்த முறை ஒரு விளையாட்டும் உண்டு. உயர்நீதிமன்ற வளாகத்தில் இரண்டு பழைய கலங்கரை விளக்கங்கள் இருக்கின்றன. ஒன்று 1844இல் விளக்கு ஏற்றப்பட்ட கல் தூண், பார்த்தாலே தெரியும். இன்னொன்று நீதிமன்றத்தின் உச்சிக் கோபுரமேதான்! 1892இல் திறந்த கட்டடத்தின் தலையில் 1894இல் விளக்கை வைத்தார்கள். 1977இல் மெரினாவில் புதியது வரும்வரை கப்பல்களுக்கு வழிகாட்டியது அதுதான். கீழே வழக்கு, மேலே வெளிச்சம். உள்ளே போக அனுமதி கிடையாது, அதனால் மதிலுக்கு வெளியே நின்றே எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் சொல்பவருக்கு என் செலவில் பொங்கல், வடை. கூகுளைத் தட்டினால் ஆட்டம் அவுட்.

அப்புறம் ஆர்மேனியன் தெரு வழியாக (1772ஆம் ஆண்டுத் தேவாலயத்தை வெளியிலிருந்து ஒரு பார்வை) ரிப்பன் மாளிகை. 1913இல் லோகநாத முதலியார் கட்டிய வெள்ளை மாளிகை. பக்கத்துச் சிவப்பு சென்ட்ரலைவிட இதுதான் அழகு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் நேரில் வந்து சண்டை போடலாம்.

தொப்பி, தண்ணீர் கட்டாயம். வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள்.