மூத்தவனோடு கெத்தாராமாவுக்கு

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருகோணமலைக்கே மாற்றம் கிடைத்துவிட்டது என்று வாசித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் நோவுக்கு இனி நீ பக்கத்தில் இருப்பாய். நாங்களும் சுகம். வெள்ளவத்தையில் வெயில்தான் ஆளை வாட்டுகிறது.

மூத்தவனைக் கெத்தாராமாவுக்கு, அதுதான் கொழும்பு பிரேமதாச மைதானத்துக்கு, கிரிக்கெட் மட்ச் பார்க்கக் கூட்டிப் போனேன் என்றதும், "டிவி இருக்கும்போது அந்தச் சனத்துக்குள் பிள்ளையை ஏன் கொண்டுபோய் அலைக்கழிக்கிறாய்" என்று கேட்டிருக்கிறாய். அக்கறையில் கேட்கிறாய் என்று தெரியும். ஆனால் போக வேண்டும் என்று கேட்டவன் அவன்தான். டிவியில் தெரிந்த சனத்தைக் கையால் காட்டி "நானும்" என்றான். தனக்கு என்ன வேண்டும் என்று அவன் தானாகச் சொல்வது எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இவனைப் போலவே உன் தங்கச்சியின் மகளுக்கும் ஓட்டிசம் என்று டொக்டர் சொல்லிவிட்டார் என எழுதியிருக்கிறாய். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பெரிய மைதானத்துக்குப் போகவில்லை. பொரளையில் நம்முடைய தமிழ் யூனியன் மைதானம் இருக்கிறதே, பி. சரவணமுத்து ஓவல், அங்கே கழகப் போட்டிகளுக்குக் கூட்டிப் போனேன். சனமே இருக்காது. வேண்டிய இடத்தில் இருக்கலாம், வேண்டிய நேரம் எழும்பி வரலாம். 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்டை விளையாடிய இடம் அது என்று சொன்னேன், அவன் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குப் போகும் வழியில் அங்கே விளையாடியபோது ஆடுகளத்தின் நீளம் வழக்கமான 22 யார் இல்லை, 20 யார்தான் இருந்தது என்று சொன்னதும் திரும்பிப் பார்த்தான். "ரெண்டு குறைவு" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கிரிக்கெட் இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு விதத்தில் வசதியான விளையாட்டு மச்சான். ஓவருக்கு ஆறு பந்து, எண்ணிக்கொண்டே இருக்கலாம். பெரும்பாலும் சத்தம் எழும்புவதும் பந்து போட்ட பிறகுதான். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கியதும் கையைக் காதுக்குக் கொண்டுபோகப் பழகிவிட்டான். சத்தத்தை விட அவனை உலுக்குவது அது எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான். சனத்துக்குள் இருந்து ஊதி முழக்கும் பப்பரே வாத்தியம்தான் இந்தக் கணக்குக்குள் அடங்காது, நினைத்த நேரம் முழங்கும். அதற்காக பப்பரேயை ஃபோனில் பதிவு செய்து, சத்தத்தைக் கூட்டுவதையும் குறைப்பதையும் அவன் கையிலேயே விட்டோம். தொடக்கத்தில் காதில் விழாத அளவுக்கு வைத்திருந்தான். பிறகு தானாகவே கூட்டினான். நாங்கள் கூட்டியிருந்தால் ஃபோனையே தூக்கி எறிந்திருப்பான்.

அதற்கு அடுத்ததாகப் படக்கதை. அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1991 அளவில் தொடங்கிவைத்த முறை இது, இப்போது பல நாடுகளிலும் பயன்படுத்துகிறார்கள். நான் முன்கூட்டியே போய் கெத்தாராமாவின் கேட், பையைச் சோதிக்கும் மேசை, படிக்கட்டு, கழிப்பறை, இருக்கை, லைட் கம்பம் எல்லாவற்றையும் படம் எடுத்து வந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவனே பேசுவதுபோல ஒரு வரி. இதில் ஒன்றைக் கவனி: நிச்சயம் நடக்கும் என்று எதையும் எழுதக் கூடாது. "எங்கள் அணி வெல்லும்" என்று எழுதித் தோற்றால் அவனுக்கு உலகமே பொய்யாகிவிடும். "வெல்லலாம், தோற்கலாம்", "சில நேரம் சனம் கத்தும்" என்றுதான் எழுதினேன். மழைக்குத் தனியாக ஒரு பக்கம் வைத்தேன்: "மழை வந்தால் ஆட்டம் நிற்கலாம். சில நேரம் திரும்பத் தொடங்காது. நாங்கள் வீட்டுக்குப் போகலாம்." கொழும்பு மழையை நம்பி இந்தப் பக்கத்தை விட முடியாது.

கேட்டில் ஆளைத் தடவிப் பார்ப்பார்களே, அதை வீட்டில் சின்னவள் காவலாளியாக நின்று பழக்கினாள். சிங்களத்திலும் தமிழிலும் ஒரு சிறு அட்டை எழுதிக் கையில் வைத்திருந்தேன்: "இந்தப் பிள்ளைக்கு ஓட்டிசம். திடீரென்று தொட வேண்டாம், சொல்லிவிட்டுத் தொடுங்கள்." காவலாளி அதை வாசித்துவிட்டுக் குனிந்து, தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் அவனைச் சோதித்தார். அந்த மனிதரை நான் மறக்கமாட்டேன்.

மற்றவை சின்ன விஷயங்கள்தான், ஆனால் விடக் கூடாதவை. வாத்தியக்காரருக்கும் ஒலிபெருக்கிக்கும் தூரமாக, வழியோரத்தில் இருக்கை. காதுமூடி. காலையிலேயே அவன் போட்டிருக்கும் உடுப்போடு ஒரு படம், கைதவறிப் போனால் காட்டுவதற்கு. மணிக்கட்டில் என் ஃபோன் நம்பர். பெரியவர்கள் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும்: ஒருவர் அவனோடு வெளியே வந்தால் மற்றவர் சின்னவளோடு இருக்கலாம். அண்ணனுக்காக ஒவ்வொரு முறையும் அவளும் எழும்பி வர வேண்டும் என்பது நியாயமில்லை.

அன்று பகலிரவு ஒருநாள் போட்டி. முதல் ஐம்பது ஓவர் முடிந்ததும் வீட்டுக்கு என்று படக்கதையின் கடைசிப் பக்கத்திலேயே இருந்தது. நடுவில் வாத்தியக்காரர் இடம் மாறி எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். இவன் எழும்பி நின்று கையை உதறி முனகத் தொடங்கினான். முன் வரிசையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மனைவி சின்னவளோடு இருக்க, நான் அவனைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போனேன். படிகளை எண்ணி இறங்கினான், எண்ணி ஏறினான், மூச்சு சீரானது. "வீடா, மட்சா?" என்று கேட்டேன். "மட்ச்" என்றான்.

திரும்பி வந்து இருந்ததும் தூறல். சனம் சலித்துக்கொண்டது, இவனுக்கோ அதுதான் திருவிழா. கெத்தாராமாவில் ஆடுகளத்தை மட்டுமில்லை, மைதானம் முழுவதையும் மூடுவார்கள், நீயும் பார்த்திருப்பாய். அத்தனை பேர் வரிசையாகப் படங்கை இழுத்துக்கொண்டு ஓடுவதைக் கண் இமைக்காமல் பார்த்தான். காதுமூடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டான். 2023 ஆசியக் கிண்ண இறுதியில் இதே மைதானத்தில் இந்தியாவின் சிராஜ் ஆறு விக்கெட் எடுத்து நம்மவர்களை 50 ஓட்டங்களுக்குச் சுருட்டியது நினைவிருக்கிறதா? ஆட்ட நாயகன் பணத்தை அவர் அந்த மைதான ஊழியர்களுக்கே கொடுத்தார். அதைச் சொன்னதும் மகன் தலையாட்டினான், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதுபோல.

ஆகவே மச்சான், பிள்ளையை சத்தத்துக்குக் கடினப்படுத்துவது என்று இதை நினைக்காதே. என்ன வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும், எந்த நேரமும் எழும்பி வரலாம் என்பதும் தெரிய வேண்டும். மூன்றாவது ஓவரில் வீட்டுக்கு வந்தாலும் அது போய் வந்த மட்ச்தான். இங்கிலாந்தில் சண்டர்லாண்ட் கால்பந்துக் கழகம் 2015இல் தன் மைதானத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென ஓர் அறை திறந்தது. சத்தம் குறைவு, கண்ணாடி வழியே ஆட்டம் தெரியும். கெத்தாராமாவிலும் அப்படி ஓர் அறை வேண்டும் என்று மற்றப் பெற்றோரோடு சேர்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். உன் கையெழுத்தும் வேண்டும், படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

படக்கதையின் பிரதியையும் வைத்திருக்கிறேன், தங்கச்சியிடம் கொடு. ஆனால் கெத்தாராமாவின் கேட்டைக் காட்டி மருமகளுக்குப் பயனில்லை. ஒருநாள் நீயே உங்கள் திருகோணமலை மக்கெய்சர் மைதானத்துக்குப் போய் அந்த வாசலை, இருக்கைகளை, கழிப்பறையைப் படம் எடு. பிள்ளையின் உயரத்தில் குனிந்து நின்று எடு. எடுத்ததும் எனக்கு அனுப்பு, வரிகளை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்