இலை எங்கே காத்துக் கிடக்கிறது என்று வரைந்து பாருங்கள்

நீலகிரி கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் தேயிலை போட்டிருக்கும் சிறு விவசாயி நான். அதற்கு முன் கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் உற்பத்திப் பிரிவில் பல வருடம் இருந்தேன். விலை இல்லை என்று நாங்கள் சொல்கிறோம், இலையில் தரமில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். புது மெஷினுக்குப் பணம் ஒதுக்கும் முன், தோட்டத்திலிருந்து தூள் மூட்டை வரை இலை போகும் வழியை ஒரு படமாக வரைந்து பாருங்கள் என்று கேட்கிறேன்.

இது பழைய முறைதான். 1921-லேயே, வேலை செய்யும் முறைகளை ஆராய்ந்த கில்பிரெத் தம்பதியர் அமெரிக்காவில் இப்படிப்பட்ட செயல்முறைப் படத்தை அறிமுகம் செய்தார்கள். பிறகு ஜப்பானின் டொயோட்டா கார் கம்பெனியில் இன்ஜினியர் தாயிச்சி ஓனோ, தொழிற்சாலையில் வீணாகும் விதங்களை ஏழாகப் பிரித்தார். காத்திருப்பு அதில் ஒன்று.

தேயிலைக்கு அதுதான் எமன். கொள்முதல் கொட்டகையில் லாரிக்காக அடுக்கி வைத்த மூட்டைக்குள் மதியம் கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும். நடுவில் நசுங்கிய கொழுந்து ஓரம் சிவந்திருக்கும். பறித்த பிறகும் இலை சுவாசிக்கிறது. காற்றுப் புகாமல் திணித்தால் சூடேறிவிடும். இலையை நசுக்கி வெட்டிச் சுருட்டும் சிடிசி மெஷினில் அரைபட்ட பிறகு நடக்க வேண்டிய நொதிப்பு சாக்கிலேயே தொடங்கிவிடுகிறது. அப்புறம் எந்த மெஷினாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போகிறது. அதனால் படம் ஆலை கேட்டில் தொடங்கினால் போதாது, கொட்டகையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆனால் ஒன்று, எல்லாக் காத்திருப்பும் வீண் இல்லை. காற்று ஊதி வாட்டும் நீளத் தொட்டியான ட்ரஃபில் இலை பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடப்பது சும்மா கிடப்பதாகத் தெரியும். அங்கேதான் ஈரம் இறங்கி இலை துவள்கிறது, மணத்துக்கான மாற்றங்களும் நடக்கின்றன. வெறும் கடிகாரத்தைப் பார்த்து அதைக் குறைத்தால் தூள் கெட்டுப்போகும். எந்த நேரம் வேலை, எந்த நேரம் வீண் என்று பிரிக்க, இலையைத் தெரிந்தவர்கள் கூட இருக்க வேண்டும்.

ட்ரையருக்கு அடுத்த கட்டத்தையும் பாருங்கள். சுமார் மூன்று சதவீத ஈரத்தோடு வரும் தூள், மூடுபனி நாளில் திறந்து கிடந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். திரும்ப ட்ரையரில் போட்டால் விறகும் இரண்டு தடவை எரியும்.

ஆபீஸில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் போட முடியாது. இலை குவியும் ஒரு நாளில், ஒரே மூட்டையோடு ஒருவர் கூடவே போகட்டும். எங்கே நின்றது, எத்தனை தடவை தூக்கி இறக்கினார்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதட்டும். எடை போடுபவர், டிரைவர், ட்ரஃபில் இலை பரப்பும் பெண்கள், ட்ரையர் பார்ப்பவர் எல்லோரும் சேர்ந்து அதைப் பெரிய தாளில் வரைந்து, அவர்கள் கண்ணில் படும் சுவரிலேயே ஒட்டட்டும். முற்றிப்போன கரட்டு இலை எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது என்பதும் அதில் ஏறட்டும். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அந்தப் படத்தை வைத்து யாருக்கும் அபராதம் மட்டும் போடாதீர்கள். போட்டால் அடுத்த முறை யாரும் உண்மையான நேரத்தைச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். படம் வரையும்போது ஒவ்வொரு கொட்டகைக்கும் இரண்டு விவசாயிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கொட்டகைக்கு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டாரச் சிறு தேயிலை விவசாயி