எண்ணெய்ப் போஞ்சி

பெய்ரூட்
16.3.2025, ஞாயிறு

அன்பு மகள் செல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் மருமகனும் சின்னவனும் சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிடுகிறேன். சின்னவனுக்குச் சளி விட்டதா? காலையில் பனிக்குள் கூட்டிக்கொண்டு போகும்போது அந்தச் சிவப்புத் தொப்பியைப் போட்டுவிடு. காதை மூடிப் போடு.

எத்தனை தரம் போன் எடுத்தாலும் நீ தூக்குவதில்லை. வொய்ஸ் போட்டால் நீலக்கோடு வருகிறது, பதில் வருவதில்லை. சிக்னல் இல்லை என்பாய். லயத்துக்குப் பின்னால் வாழைமரத்துக்கிட்டே நின்றால் சிக்னல் வரும் என்பது எனக்கும் தெரியும். சரி. அப்புறம் போன கிழமை திடீரென்று ஒரு வரி. "அம்மா, லூபியே பி ஸேத் செய்வது எப்படி, அளவோடு அனுப்புங்கள்." சுகமா என்றுகூட இல்லை.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஆசைக்குக் கேட்டிருப்பாய். போன லீவில் நான் செய்து தந்ததை ஒரு வாய் வைத்துவிட்டு, "சவசவ என்று இருக்கிறதே, மாசி போடவில்லையா" என்று தள்ளி வைத்தவள் நீ. இப்போது ஆசை வந்திருக்கலாம். வீட்டில் அதை எண்ணெய்ப் போஞ்சி என்றுதான் சொல்லியிருக்கிறேன். அரபுப் பேரை எங்கே பிடித்தாயோ.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற ஹட்டன் அக்கா லீவில் வருகிறாள். அவளிடம் ஒரு லிட்டர் ஒலிவ் எண்ணெயும் கொடுத்து விட்டிருக்கிறேன். மேடம் வீட்டாரின் ஊர் கூரா. அங்கே எங்கு பார்த்தாலும் ஒலிவ் மரம்தான். ஒக்டோபர், நவம்பரில் பறித்து ஆட்டி, வருடத்துக்கு வேண்டியதைத் தகர டின்னில் கொண்டுவந்து வைப்பார்கள். அதிலிருந்து மேடமே ஊற்றித் தந்தது. தலைக்கு வைத்துவிடாதே.

இப்போது இந்த வீட்டில் விரத காலம். இவர்கள் ஓர்தொடொக்ஸ் வேதக்காரர். 3ஆம் திகதி தொடங்கியது, ஏப்ரல் 20 ஈஸ்டர். அதுவரை இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் சமையலுக்குள் வராது. மேடத்தின் பிள்ளைகள் வெளியே போய் பர்கர் தின்றுவிட்டுத்தான் வருகிறார்கள், அது வேறு கதை. வீட்டில் எண்ணெய்ச் சமையல்தான். கத்தரிக்காயும் கடலையும் ஒரு நாள், பருப்பும் சோறும் சேர்த்து மேலே வெங்காயம் கருகப் பொரித்துப் போட்டது ஒரு நாள், போஞ்சி இரண்டு நாள். விரதம் இல்லாத வீட்டிலும் கோடை முழுக்க இதைச் செய்வார்கள். போஞ்சி நல்லதாக வருவது அப்போதுதான். இப்போது கடையில் இருப்பது பிளாஸ்டிக் கூடாரத்துப் போஞ்சி, விலையும் கூட.

இங்கத்தைய போஞ்சி பட்டையாக ஒரு விரல் அகலம் இருக்கும். நம்முடையது உருண்டை, அது போதும். முற்றினதை வாங்காதே. உடைத்தால் சத்தத்தோடு முறிய வேண்டும். ஒரு கிலோவுக்கு 2 பெரிய வெங்காயம், ஒரு முழு வெள்ளைப்பூடு, நன்றாகப் பழுத்த தக்காளி 4 அல்லது 5, எண்ணெய் முக்கால் கப். முக்கால் கப்பா என்று வாயைப் பிளப்பாய். அரை கப்பும் போதும், அதற்குக் கீழே இறங்கினால் அது வேறு கறி. உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள். மஞ்சள் இல்லை, சீரகம் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை. கறிவேப்பிலைக்கு உன் கை போகும். போட்டால் உன் இஷ்டம், ஆனால் பிறகு என்னிடம் சரியாக வரவில்லை என்று சொல்லாதே.

நார் எடு. இரண்டு பக்கமும் எடு. இரண்டாக மூன்றாக ஒடி. அடி கனத்த சட்டியில் எண்ணெய் விட்டு வெங்காயத்தை மெல்லிய நெருப்பில் வதக்கு. சிவக்கக் கூடாது, கண்ணாடியாக வந்தால் சரி. பூட்டை நறுக்காமல் முழுப்பல்லாகப் போடு. பிறகு போஞ்சியையும் உப்பையும் போட்டுப் பிரட்டி மூடு. பச்சை நிறம் மங்கி, போஞ்சி துவண்டு, தன் தண்ணீரைத் தானே விடும். அதற்குக் கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆகும். அதுவரை தக்காளி போடாதே. முன்னாலேயே போட்டால் அந்தப் புளிப்பில் போஞ்சி விறைத்துக்கொண்டு வேக மறுக்கும். நான் வந்த புதிதில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் தண்ணீரும் ஊற்றி வைத்தேன். மேடத்தின் தாய், தேத்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், ஊன்றுகோலால் சட்டியைத் தட்டி, "சூப்பா வைக்கிறாய்?" என்றாள். தண்ணீர் விடாதே. அடி பிடிக்கிற மாதிரி இருந்தால் மட்டும் கால் கப்.

நிறம் மாறினதும் தக்காளியைத் தோல் நீக்கி நறுக்கிப் போட்டு, மூடி, நெருப்பைக் குறைத்து, முக்கால் மணி நேரம் விடு. கிளறிக்கொண்டே நிற்காதே.

அந்த முக்கால் மணி நேரம் இங்கே எனக்குக் கிடைக்காது. சமையல் மட்டும் என்று சொல்லித்தான் கூட்டி வருகிறார்கள். போன வருடம் பதுளைப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறது, உன் வயதுதான் இருக்கும். அரபுச் சாப்பாடு நாலு வகை தெரிந்திருந்தால் சம்பளம் கூட, அடுப்படியை விட்டு வெளியே வேலை இல்லை என்று ஏஜென்சிக்காரன் சொன்னானாம். வந்து பார்த்தால் மேடத்தின் வீடு, மேடத்தின் தாய் வீடு, அக்கா வீடு என்று மூன்று வீடு துடைக்க வேண்டியிருக்கிறது. ஊரில் அவளுக்கும் ஒரு சின்னப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் கூடுகிற டோராவுக்கு வந்தால் போனை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்துவிடுவாள். பிள்ளை திரையைத் தள்ளிவிட்டு ஓடிவிடுகிறானாம். கூப்பிட்டால் பாட்டியின் சேலைக்குள் போய் ஒளிகிறானாம். சும்மா சொல்கிறேன். அவள் கதை எதற்கு நமக்கு.

நான் உனக்கு அனுப்பின போட்டோக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய மேசை, வெள்ளை விரிப்பு, நடுவில் இந்தப் போஞ்சி, பக்கத்தில் முள்ளங்கி, புதினா, ஒலிவ் காய். அதை நீ உன் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டினாய் என்று சின்னம்மா சொன்னாள். அந்த மேசையில் நான் உட்கார்ந்ததில்லை மகள். வைத்துவிட்டு, படம் எடுத்துவிட்டு, உள்ளே போய்விடுவேன். என் அறை அடுப்படிக்குப் பின்னால். கட்டிலும் அலுமாரியும் வைத்தால் கதவு பாதிதான் திறக்கும். அதை நான் படம் எடுக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 4ஆம் திகதி துறைமுகம் வெடித்தபோது சின்னக் கீறல் என்று உன்னிடம் சொன்னேன். தோளில் ஏழு தையல். யன்னல் கண்ணாடி முழுக்க உள்ளே வந்தது. அந்த வருடம் மேடத்தின் பணம் வங்கியில் மாட்டிக்கொண்டு எனக்குப் பல மாதம் சம்பளம் இல்லை. உனக்கு அனுப்பினது ஹட்டன் அக்காவிடம் கைமாற்று வாங்கி. 1,500 லிராவுக்கு ஒரு டாலர் இருந்த ஊர், இன்றைக்கு 89,500. போன வருடம் சண்டையில் சில வீட்டுக்காரர் தங்கள் பிள்ளைகளோடு காரில் ஏறிப் போய்விட்டார்கள், வேலைக்கு நின்ற பெண்களை அப்படியே விட்டுவிட்டு. நவம்பரில் சண்டை நின்றது என்றார்கள், தெற்கே இன்னமும் அடி விழுகிறது. என் மேடம் என்னை விட்டுப் போகவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஆனாலும் என் பாஸ்போர்ட் அவள் அலுமாரியில்தான். நல்ல மேடத்துக்கும் அலுமாரி இருக்கிறது, பூட்டு இருக்கிறது. இங்கே தொழிலாளர் சட்டம் 1946ல் போட்டது. வீட்டு வேலைக்காரருக்கு அது பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். டோராவுக்கு வருகிற ஒரு சிஸ்டர் சொன்னாள்.

நல்லதை மட்டும் அனுப்பினேன், நீ நல்லதை மட்டும் பார்த்தாய். உன்மேல் என்ன தப்பு.

போஞ்சி அடி பிடித்துவிடும். மூடியைத் திற. எண்ணெய் மேலே மிதந்து, தக்காளி கரைந்து, போஞ்சியை விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். நம் ஊரில் மாதிரி நறுக்கென்று நிற்கக் கூடாது. உருண்டைப் போஞ்சிக்கு அரை மணி நேரமே போதுமாக இருக்கும், பார்த்துக்கொள். இறக்கி ஆறவிடு. இதைச் சூடாகச் சாப்பிடுவதில்லை. காலையில் வைத்து மத்தியானம், இல்லையென்றால் மறுநாள். அந்தத் தட்டை ரொட்டி அங்கே கிடைக்காது. பாணோடு சாப்பிடு, பக்கத்தில் பச்சை வெங்காயம் வைத்துக்கொள். சோற்றில் பிசையாதே.

ஒலிவ் எண்ணெய் முடிந்த பிறகு தேங்காயெண்ணெயில் செய்து பார்க்கலாம் என்று நினைப்பாய். செய்யாதே. ஆறவைத்துச் சாப்பிடுகிற சாமான் இது. நம் குளிருக்குத் தேங்காயெண்ணெய் ஒரு மணி நேரத்தில் வெள்ளையாக உறைந்து சட்டியில் மெழுகு மாதிரி ஒட்டும். சூரியகாந்தி எண்ணெய் வாங்கு. ருசி அரைவாசிதான், உறையாது.

மருமகனின் ஆட்டோ லீசிங் எத்தனை தவணை நிற்கிறது? சின்னம்மா மூன்று என்கிறாள், நீ ஒன்று என்றாய். இருப்பதைச் சொல். நான் அனுப்புவேன். கிழமைக் கடன்காரர் லயத்துக்கு வந்தார்களா என்பதையும் சொல். சாதாரண தரத்தில் கணக்குக்கு ஏ எடுத்தவள் நீ, தோட்டத்தில் உனக்கு முன்னால் எந்தப் பெண்ணும் எடுக்கவில்லை, உங்கள் கணக்கு டீச்சர் என்னிடம் போனில் சொல்லி அழுதார். அந்தக் கணக்கை உன் வீட்டுக்கும் போட்டுப் பார். இங்கே 200 டாலர், 250 டாலர் என்பார்கள். ஏஜென்சிக்காரனுக்குக் கட்டினது, முதல் மாதங்களில் பிடிப்பது, அங்கே பிள்ளையைப் பார்க்கிறவருக்குக் கொடுப்பது எல்லாம் கழி. கொழுந்து எடுக்கிறவர்களுக்கே ஒரு நாள் பேருக்கு 1350 ரூபா ஆக்கியிருக்கிறார்கள். நான் வந்த காலத்தில் அது இல்லை, அப்பாவும் இல்லை, நீ சின்னது. என் கணக்கு வேறு. உன் முன்பள்ளிச் சம்பளம் குறைவு என்று எனக்குத் தெரியாதா? ஆனால் பின்னேரம் நீ வீட்டுக்குப் போகிறாய்.

மாமியாரோடு சண்டை என்றால் அதையும் சொல். சண்டை எல்லா வீட்டிலும்தான்.

போன மாதம் கண்டிக்குப் போனதாகச் சொன்னாய், சின்னவனுக்கு ஊசி போட என்று. ஊசி நம் ஆஸ்பத்திரியிலேயே போடுவார்களே. இருக்கட்டும். முன்பெல்லாம் 5 வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் தாயை வேலைக்கு அனுப்ப விடமாட்டார்கள். இப்போது வயதை இறக்கிவிட்டார்களாம், டோராவில் பேசிக்கொண்டார்கள்.

நான் ஆகஸ்ட் மாதம் கொந்துராத்து முடிந்து வருகிறேன். திரும்பிப் போக மாட்டேன். இதை இன்னும் மேடத்திடம் சொல்லவில்லை, முதலில் உனக்குச் சொல்கிறேன். வந்தால் சின்னவனை நான் பார்ப்பேன், நீ டிப்ளோமா படி. ஆகஸ்ட் வரைக்கும் எதையும் மாற்றாதே. எதிலும் கையெழுத்து வைக்காதே. கடன் காகிதத்தைச் சொல்கிறேன்.

ஞாயிறு என்னை வெளியே விடுவார்கள். இங்கே 2 மணி, உனக்கு 5.30. வருகிற 30ஆம் திகதி இங்கே மணிக்கூட்டை முன்னே தள்ளுவார்கள், அதற்குப் பிறகு உனக்கு 4.30. வாழைமரத்துக்கிட்டே நில். சின்னவனைத் தூக்கிக்கொண்டு நில். பேச வேண்டாம் என்றாலும் அவனைக் காட்டு.

தொப்பியை மறக்காதே.

இப்படிக்கு
அம்மா

பி.கு.: ஹட்டன் அக்கா 23ஆம் திகதி வந்து சேருவாள். மருமகனை அனுப்பாமல் நீயே போய் எண்ணெய்ப் போத்தலை வாங்கு, அவளிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசு. அவள் எல்லாம் சொல்லுவாள். இன்னொன்று, நம் வீட்டில் எலித் தொல்லை கூடிவிட்டது என்று சின்னம்மா சொன்னாள். உன் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், பாஸ்போர்ட் ஏதும் எடுத்திருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுச் சின்னம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் கொடுத்து வை. சாவி அவளிடமே இருக்கட்டும்.