வசனத்தைத் தந்தீர்கள், அதிகாரத்தையும் திறந்து காட்டுங்கள்

மதிப்பிற்குரிய சபைப் போதகர் ஐயர் அவர்களுக்கும் சேகரக் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

வேதத்தை நாங்களே ஆராய்ந்து படிக்கப் பழக்கும் வகுப்பு ஒன்று வேண்டுமென்று பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் இருமுறை விண்ணப்பம் கொடுத்தது தங்களுக்கு நினைவிருக்கும். மூன்றாம் முறை, எல்லாரும் வாசிக்கும்படி எழுத வேண்டி வந்ததற்குக் காரணம், வருடப் பிறப்புக்கு வேத வசனம் ஒன்றை அச்சிட்டுத் தரும் வாக்குத்தத்த அட்டை.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் தட்டிலிருந்து ஆளுக்கோர் அட்டை எடுத்தோம். பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவரைப் பார்த்துக்கொண்டே பீடி சுற்றிப் பிழைக்கும் எங்கள் தெரு அக்காவுக்கு எரேமியா 29:11 வந்தது. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை” என்று தொடங்கும் அந்த அட்டையைப் பீடித் தட்டின் விளிம்பில் செருகியிருந்தார்; புகையிலைத் தூள் படிந்து எழுத்து மங்கிய பிறகும் எடுக்கவில்லை. ஜூலையில் கணவர் இறந்துபோனார். மூன்றாம் நாள் ஜெபத்தில் அந்த அட்டையை என் கையில் வைத்து, “டீச்சர், நான் எதிர்பார்த்த முடிவு இதுதானா?” என்று கேட்டார். ஓய்வுநாள் பள்ளியில் பதினாறு வருடம் மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்த எனக்குப் பதில் வரவில்லை. அருகிலிருந்த கமிட்டி அங்கத்தினர் ஒருவர், விசுவாசம் குறைந்தால்தான் இப்படியெல்லாம் கேட்கத் தோன்றும் என்றார். துக்க வீட்டில் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

அன்றிரவு 28, 29 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் பென்சிலோடு உட்கார்ந்து வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அனுப்பிய நிருபத்தில் ஒரு வரிதான் நம் அட்டையில் இருப்பது. அதற்கு முந்திய வசனத்திலேயே எழுபது வருடம் என்று இருக்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று அறிவித்த அனனியா என்ற தீர்க்கதரிசியையோ, ஜனங்களைப் பொய்யை நம்பச் செய்தவன் என்று 28-ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. 11-ஆம் வசனத்தில் வரும் “சமாதானம்” என்ற சொல் 7-ஆம் வசனத்தில் மூன்று தடவை வருகிறது. அங்கே அது அந்நியப் பட்டணத்தில் வீடு கட்டி, தோட்டம் நாட்டி, அந்தப் பட்டணத்துக்காகவும் ஜெபிக்கிறவர்களின் சமாதானம். சீக்கிரம் சரியாகிவிடும் என்று கர்த்தர் சொல்லவில்லை, தூரத்தில் கிடக்கிற உங்களை நான் மறக்கவில்லை என்கிறார். இதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். “எழுபது வருசமா?” என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு முதல் வசனத்திலிருந்து மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

இதை ஜனவரியிலேயே அவருக்குச் சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் வேதனை. சொல்லத் தெரிந்தவர்கள் எங்களில் இல்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஒரு சொல் வேதத்தில் எங்கெல்லாம் வருகிறதென்று காட்டும் ஒத்தவாக்கிய சங்கிரகம் சபைக்கென வாங்கியது, கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறை அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது, சாவியைக் கேட்டால் எதற்கு என்று கேட்கிறார்கள். அசன விருந்துப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரே கூட்டத்தில் பணம் ஒதுக்க முடிகிறது; ஒரு பெஞ்சும் இரண்டு புத்தகமும் கேட்டால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுகிறீர்கள். தமிழர் தம் மொழியிலேயே வாசிக்க வேண்டுமென்று ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715-இல். பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்ததை அப்போஸ்தலர் 17:11 நற்குணமென்று எழுதிவைத்திருக்கும்போது, எங்கள் கேள்வி மட்டும் எப்படி அவிசுவாசமாகும்?

கோபத்தில் வார்த்தை மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது ஒரு வகுப்புதான். புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்த பின் ஒரு மணி நேரம் தாருங்கள். ஒரு வசனத்தை யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னார் என்று பார்க்கவும், ஒரே சொல் வேறு எங்கெல்லாம் வருகிறதென்று சங்கிரகத்தில் தேடவும், பழைய மொழிபெயர்ப்பையும் 1995-இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் ஐயரவர்களே பழக்கித் தாருங்கள். அலமாரியைத் திறந்து வையுங்கள். அடுத்த வருடப் பிறப்புக்கு அட்டை அச்சடிப்பதற்கு முன்னால் இந்த வகுப்பு தொடங்கிவிட வேண்டும் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். முதல் புதன்கிழமை அக்காவும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள்,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை