பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். கடலூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்தும் ஆசிரியை எழுதுகிறேன். போன மே மாத விடுமுறையில், பிளஸ் ஒன் முடித்திருந்த எங்கள் பிள்ளைகளை நீங்கள் ஆளுக்கு இரண்டு மூன்று பேராக ஒரு வாரம் உங்கள் வேலையிடத்தில் வைத்துக்கொண்டீர்கள். உங்களை நேரில் பார்த்து நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் பிள்ளைகள் திரும்பி வந்து வகுப்பில் பேசியதை நீங்கள் கேட்கவில்லை. கேட்டவள் நான். அதனால் நாலு பேர் அறிய எழுதுவது என் கடமை.

போவதற்கு முன்பு எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து, "கம்ப்யூட்டர் வேலை, டெக்னாலஜி வேலை என்றால் உங்கள் மனதில் என்ன வருகிறது?" என்று எழுதச் சொன்னேன். பெரும்பாலான தாள்களில் சென்னை ஓ.எம்.ஆர்., பெங்களூரு, ஏ.சி. அறை, கழுத்தில் அடையாள அட்டை, சரளமான இங்கிலீஷ். கணக்கில் நூற்றுக்கு நூறு எடுப்பவர்கள் போகும் இடம் என்று சிலர். தேவனாம்பட்டினம் மீனவர் ஊரிலிருந்து வரும் ஒரு மாணவி ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: "அது எங்க ஆளுங்களுக்கு இல்ல மிஸ்." படிப்பில் கெட்டிக்காரப் பெண் அவள்.

பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் என்ற கணினி மொழிகளை நடத்துகிறேன். பாடம் நல்ல பாடம். ஆனால் புத்தகத்தில் இருக்கும் நிரல்கள் எல்லாம் ஏற்கெனவே ஓடிப் பார்த்துச் சரி செய்தவை. ஒருவர் மூன்று மணி நேரம் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்ததற்குப் பிறகுதான் அந்த வரி வந்தது என்பதைப் புத்தகம் காட்டாது. வீட்டிலோ தெருவிலோ இந்த வேலை செய்பவர் ஒருவரைக்கூடப் பார்த்திராத பிள்ளைக்கு, அவர்கள் எல்லாம் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்தவர்கள் என்றுதான் தோன்றும். பள்ளிக்கு வந்து வேலைவாய்ப்பு பற்றிப் பேசும் பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்களும் ஜெயித்த கதையைத்தான் சொல்கிறார்கள்.

இந்த எண்ணம் பாண்டியில் இருக்கும் என் அண்ணி வீட்டில் தொடங்கியது. அவர்கள் பக்கத்து வீட்டுப் பையன் அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறான். பிரான்சில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஏதாவது ஒரு வேலையிடத்தில் சில நாள் இருந்து பார்த்துவிட்டு வருவது பள்ளிப் படிப்பின் கட்டாயப் பகுதி. அதை 'ஸ்தாஜ்' என்கிறார்கள். அவன் ஒரு பேக்கரியில் இருந்துவிட்டு வந்து மாவு பற்றி அவ்வளவு பேசினான். நம் பிள்ளைகளுக்கு ஏன் கூடாது என்று அன்றைக்கே தலைமையாசிரியையிடம் பேசினேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார்: 14 வயது முடிந்து 18 ஆகாத பிள்ளைகளை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது என்று 2016 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் தெளிவாக இருக்கிறது, அதனால் ஆபத்தான இடம் எதுவும் வேண்டாம், மற்ற இடங்களிலும் வேலை வாங்கக் கூடாது, பார்க்கலாம், கேட்கலாம், அவ்வளவுதான். பெற்றோர் கையெழுத்தில்லாமல் யாரும் போகக் கூடாது என்றும் சொன்னார். அவர் பொறுப்பை ஏற்றுக்கொள்ளாவிட்டால் எதுவுமே நடந்திருக்காது. அவருக்கு என் முதல் நன்றி.

முதுநகர் துறைமுகத்தில் படகுகளின் எக்கோ சவுண்டர் (கடலின் ஆழம் காட்டும் பெட்டி), ஜி.பி.எஸ்., வயர்லெஸ் செட் எல்லாம் பழுது பார்க்கும் அண்ணனுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும், எல்லாரும் ஒரே நேரத்தில் பழுது பார்க்கக் கூப்பிடுவார்கள், உங்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. அந்த நேரத்தில் எங்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டீர்கள். கடல் நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் போகும். 30 மீட்டர் ஆழமென்றால் போய்த் திரும்ப 60 மீட்டர், 0.04 நொடி, அந்த நேரத்தை அளந்துதான் பெட்டி ஆழத்தைச் சொல்கிறது என்று படகின் பலகையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினீர்களாம். இயற்பியல் ஆசிரியர் கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொன்றை. ஒரு படகில் திரையில் ஆழம் விட்டு விட்டு வந்திருக்கிறது. நீங்கள் பெட்டியைத் திறந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தீர்கள், குறையில்லை. வேறு பெட்டி மாட்டினீர்கள், அதிலும் அதே கோளாறு. மதியம் வரை பிடிபடவில்லை. அப்புறம் பிள்ளைகளைப் பார்த்து, "எனக்கும் புரியல, நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டீர்கள். பெரியவர் ஒருவர் தனக்குப் புரியவில்லை என்று அவர்களிடம் சொன்னது அதுதான் முதல் தடவையாம். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், ஒலி அனுப்பும் கருவிக்குப் போகிற இணைப்பில் உப்பேறிப் பச்சை பூத்திருந்ததைக் கண்டுபிடித்தீர்கள். அந்த ஒற்றை வரி எழுதிய பெண் அங்கேதான் இருந்தாள். அவள் அப்பா படகிலும் அதே மாதிரிப் பெட்டி இருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்த்த பொருள்தான். அது, தான் படிக்கும் பாடத்தோடு சேர்ந்தது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் அக்காவுக்கு: உங்களிடம் வந்த இரண்டு மாணவிகளும் முதல் நாள் மாலை என்னை அழைத்து, "போரடிக்குது மிஸ், ஊசி மருந்து போடுற மெஷின்ல தண்ணிய விட்டு ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டே இருக்கோம்" என்றார்கள். மணிக்கு 5 மில்லி என்று வைத்தால் அளவுக் குழாயில் 5 மில்லிதான் சேர்கிறதா என்று பார்க்கும் வேலை. மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நர்ஸ் ஒருவர் வந்து, "இது ரெடியா? பேஷண்டுக்கு வேணும்" என்று அதே மெஷினைக் கேட்டிருக்கிறார். அதன் பிறகு அவர்கள் போரடிக்கிறது என்று சொல்லவே இல்லை. மில்லியைக் கண் இமைக்காமல் பார்த்திருக்கிறார்கள்.

நீங்கள் பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் தமிழ்வழியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் என்று அவர்களிடம் சொன்னீர்கள். அதைவிடப் பெரிய உதவி, கையேட்டில் ஒரு வரி விளங்காமல் கம்பெனிக்கு போன் போட்டு, தமிழும் இங்கிலீஷும் கலந்து, "சார், இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க" என்று அவர்கள் முன்னாலேயே கேட்டது. இங்கிலீஷ் வராது என்று பயந்து கிடந்த ஒருத்தி அந்த போன் பேச்சை எங்கள் வகுப்பில் அப்படியே நடித்துக் காட்டினாள்.

பாண்டி லாஸ்பேட்டையில், மாடியில் ஓர் அறையில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் தம்பிகளுக்கு: ஒரே நோயாளி மூன்று பெயர்களில் பதிவாகியிருந்த சிக்கலை எங்கள் பிள்ளைகள் முன் போட்டீர்கள். 'கு. செல்வி', 'செல்வி கு', 'செல்வி குமார்'. படிவம் குடும்பப் பெயர் கேட்கிறது, நம்மிடமோ இனிஷியல்தான் இருக்கிறது. "அங்க எங்க அப்பா பேரப் போட்டா மருந்துச் சீட்டே எங்க அப்பா பேர்ல வந்துடுமே அண்ணா" என்று எங்கள் பையன் சொன்னதும், அதைச் சிரித்துத் தள்ளாமல் வெள்ளைப் பலகையில் எழுதி விவாதித்தீர்கள். உங்களில் வயதில் இளையவர் மூத்தவரின் நிரலில் தப்பு கண்டுபிடித்துச் சொல்ல, மூத்தவர் "சரி, மாத்திடு" என்றதை அவன் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கடைசி நாள் பள்ளிக்கு வந்து பேசிய வில்லியனூர் அக்காவுக்கும் நன்றி. 1998 முதல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் நடத்திய தகவல் மையங்களில் கிராமத்துப் பெண்களே கணினி இயக்கியதையும், வீராம்பட்டினத்தில் அலை உயரத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னதையும் விவரித்தீர்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் அழைப்பும், புதுச்சேரியின் நல்லவாடு மீனவ கிராமத்தில் அந்த மையத்து ஒலிபெருக்கியும் ஊரையே காப்பாற்றிய விஷயம் எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. நல்லவாடு இங்கிருந்து எவ்வளவு தூரம்? அவர்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, அவ்வளவுதான்.

பஸ் ஏற்றிவிட்டும் மதிய உணவு கட்டிக்கொடுத்தும் பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோருக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளைப் பாண்டி வரை அனுப்பிய அம்மாக்களுக்கு, தனியாக நன்றி.

ஜூனில் அதே கேள்வியை மறுபடி கொடுத்தேன். ஓ.எம்.ஆர். சில தாள்களில் இருந்தது, இருக்கட்டும். கூடவே துறைமுகம், ஆஸ்பத்திரி, துணை மின்நிலையம், ரேஷன் கடைக் கருவி என்று வந்திருந்தது. "தெரியலன்னா கேக்கலாம்" என்று பலர் எழுதியிருந்தார்கள். ஒரு பையன், நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார முடியாது, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கப் போகிறேன் என்று எழுதினான். அதையும் நான் உங்கள் கணக்கில்தான் வரவு வைக்கிறேன். பார்த்துவிட்டு எடுத்த முடிவு அது. தேவனாம்பட்டினத்துப் பெண், எலக்ட்ரானிக்ஸ் படிக்க எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு கட்-ஆஃப் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் அப்பா இப்போது எக்கோ சவுண்டரில் எது தகராறு என்றாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுகிறாராம்.

அடுத்த மே மாதமும் பிள்ளைகளை அனுப்பலாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கடலூர், நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, பாண்டிப் பக்கம் வேலை செய்யும் வேறு யாராவது இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ள முடியுமென்றால், இவர்களில் ஒருவரிடம் சொன்னாலே எனக்குச் சேதி வந்துவிடும். அவர்களுக்காகத் தனியாகப் பாடமோ ஸ்லைடோ தயார் செய்ய வேண்டாம். அன்றைக்கு உங்களை எந்த வேலை படுத்துகிறதோ, அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
கணினி அறிவியல் ஆசிரியை,
கடலூர்