கொல்லிமலை விடுதிக்காரர்களுக்கு: அட்டை வேண்டாம், ஒரு தாள் கொடுங்கள்

கொல்லிமலையில் விடுதியும் ஹோம்ஸ்டேயும் நடத்துகிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு உங்கள் மலையில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தோம். நான், மனைவி, அறுபத்தெட்டு வயது மாமியார், ஏழாவது படிக்கிற மகள், இரண்டாவது படிக்கிற மகன். எந்த விடுதி என்று சொல்லப்போவதில்லை. விசாரித்த வரையில் பல இடங்களில் இதே கதைதான். அறை சுத்தமாக இருந்தது, வெந்நீர் வந்தது, நாட்டுக்கோழிக் குழம்பை இன்னும் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் குறை எல்லாம் அறையை விட்டு வெளியே வந்த பிறகு நடந்ததைப் பற்றியது.

காரவல்லியில் இருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருப்பதால் மகன் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே வந்தான். நாற்பதைத் தாண்டியதும் வாந்தி எடுத்தான். வாயைக் கழுவிவிட்டு மறுபடியும் எண்ண ஆரம்பித்தான். அவ்வளவு ஆசை. வந்து இறங்கியதும் "எங்கே போகலாம்?" என்று கேட்டோம். வரவேற்பில் இருந்த தம்பி லேமினேட் செய்த ஓர் அட்டையை நீட்டினார். ஒன்பது பாயின்ட், ஒரு நாள், ஒரு வண்டி, ஒரு வாடகை. "எல்லாரும் இதுதான் சார் எடுப்பாங்க" என்றார்.

நாங்களும் எடுத்தோம். நம்ம அருவி, மாசிலா அருவி, வாசலூர்பட்டி படகு இல்லம், சீக்குப்பாறை, எட்டுக்கை அம்மன் கோயில் என்று இறங்கி ஏறி இறங்கி ஏறி, சாயங்காலத்துக்குள் ஒன்பது வண்டி நிறுத்துமிடங்களைப் பார்த்து முடித்தோம். ஓட்டுநர் மேல் தப்பில்லை. அவருக்கு அடுத்த டிரிப் காத்திருந்தது. செம்மேட்டில், கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி குதிரை மேல் இருக்கிற சிலை அருகே வண்டியைக் கொஞ்சம் மெதுவாக விட்டார், அவ்வளவுதான். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியை, மானை, பன்றியைத் துளைத்துக்கொண்டு போய்க் கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் தைத்தது என்று சங்கப் புலவர் வன்பரணர் பாடிய ஆள் இவர்தான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சிலை பின்னால் போய்விட்டது.

ஆகாய கங்கைக்கு எங்களுக்குக் கொடுத்த நேரம் ஒரு மணி. அதுவும் உச்சி வெயிலில். 300 அடி உயரத்தில் இருந்து விழுகிற அருவி அது. அதன் காலடிக்குப் போக ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், அப்புறம் அத்தனையும் ஏற வேண்டும். இதை அட்டையில் யாரும் எழுதவில்லை. இருநூறு படி இறங்கியதும் மாமியார் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மகள் கையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தை ஒரு குரங்கு, உரிமையுள்ள பொருளைத் திரும்ப வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு போனது. நான் மட்டும் பிள்ளைகளோடு கீழே ஓடி, தலையை நனைத்துவிட்டு, மேலே ஓடி வந்தேன். சாரலில் பத்து நிமிடம் நின்றிருப்போமா என்பதே சந்தேகம்.

ஏறி வரும் வழியில் ஓர் ஆயா முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்றுக்கொண்டிருந்தார். கிழங்கு என்று சொன்னாலும் அது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற ஒரு பெரணியின் தண்டு. மேலெல்லாம் பழுப்பு முடி, பார்த்தால் அச்சு அசல் ஆட்டுக்கால். அந்த முடியைக் கத்தியால் சீவிவிட்டு, உள்ளே இருக்கிற பச்சையை வட்டமாக நறுக்கி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிறார். மூட்டு வலிக்கு நல்லது என்றார். ஆயிரம் படி ஏறி வந்தவனுக்கு எந்தச் சூப்பும் நல்லதுதான்! அவர் சீவுகிற அழகை மகள் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்து ஹாரன் அடித்தது. எழுந்து போனோம்.

இரண்டாம் நாள் மழை. வண்டி வரவில்லை. பிள்ளைகள் செல்போனோடு கட்டிலில் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு உங்கள் சமையல்கட்டில் வேலை பார்க்கிற அக்கா, "மழை விட்டுருச்சுங்க, எங்க ஊர் வரைக்கும் நடந்துட்டு வர்றீங்களா? பக்கந்தான்" என்றார். மலையில் 'பக்கம்' என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போக மட்டும் முக்கால் மணி நேரம்.

ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் கொல்லிமலைக்கு வந்தோம். சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி ஏறியிருந்தது, கீழே காப்பிச் செடி. மிளகு கொடியில் காய்க்கும் என்பதே என் மகனுக்குச் செய்தி. ஓர் ஊராட்சிப் பலகையில் 'வளப்பூர் நாடு' என்று இருந்ததைப் படித்துவிட்டு, "வேற நாடாப்பா? பாஸ்போர்ட் கேப்பாங்களா?" என்றான். அக்கா சிரித்துவிட்டு, இங்கே ஊராட்சிக்கே நாடு என்றுதான் பேர் என்று சொல்லி, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். வீட்டில் அவருடைய மாமனார் ஒரு பலாப்பழத்தை எடுத்துப் போட்டார். கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு, சுளையை எடுத்து, மலைத்தேனில் தொட்டுக் கொடுத்தார். அந்த மணம் மகனின் சட்டையில் சேலம் வரைக்கும் வந்தது.

என் மாமியாரும் அந்தப் பெரியவரும் சாமைச் சோறு பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். "எங்களுக்கு அப்போ சாமைதான் சோறு. அப்புறம் குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, வந்துச்சு, கீழே ஜவ்வரிசி மில்லுக்குப் போச்சு, கையில காசு நின்னுச்சு, சாமையைக் குறைச்சுட்டோம்" என்றார். சாமையைக் குத்திப் புடைக்க ஆகிற பாட்டையும் சொன்னார். மாமியார் முறத்தை வாங்கிப் புடைத்தே காட்டினார். முந்தைய நாள் இருநூறு படியில் மூச்சு வாங்கியவர்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்த அட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அறைச் சாவியோடு ஒரு தாளைக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். ஆகாய கங்கைக்குப் போகிறவர்கள் காலைப் பலகாரம் முடித்த கையோடு கிளம்பட்டும், அரை நாள் அங்கேயே இருக்கட்டும். படி எத்தனை, யார் இறங்க வேண்டாம், குரங்கு எதைப் பிடுங்கும், வழுக்காத செருப்பு ஏன் வேண்டும் என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். மழையில் வெள்ளம் வந்து வனத்துறை அருவியை மூடிவிட்டால் அதை எங்களுக்கு அறையிலேயே சொல்லிவிடுங்கள். படி இறங்க முடியாதவர்களுக்கு அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிறது, பக்கத்தில் அய்யாறு ஓடுகிறது. கரையில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தாலே ஒரு காலைப்பொழுது போய்விடும்.

அடுத்து, ஊர் நடை. சமையல்கட்டு அக்காவைப்போல வழி தெரிந்தவர்கள் உங்கள் ஒவ்வொருவரிடமும் வேலை பார்க்கிறார்கள். வாரத்தில் இரண்டு காலை அவர்கள் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு நடக்கட்டும். கூலியை அவர்களே சொல்லட்டும், அதில் நீங்கள் கமிஷன் எடுக்காதீர்கள். எங்கள் அக்கா காசு வாங்க மாட்டேன் என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். இரண்டு கிலோ மிளகு வாங்கிக்கொண்டு வந்தோம், அதிலும் விலை குறைத்துத்தான் போட்டார். எங்களுக்குத்தான் கூச்சமாகப் போனது.

நடை என்று நான் சொல்வது ஊர்ப் பாதையும் வரப்பும்தான். காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஆளை அனுப்பாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வந்தன. காட்டு வழிதான் வேண்டும் என்று கேட்கிற இளவட்டங்களிடம், 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள்.

குரங்கணி என்றதும் இன்னொன்று. கோடையில் காய்ந்த புல்லுக்குப் பத்தடி தள்ளி கேம்ப் ஃபயர் போடுகிறீர்களே, அதை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை எந்தக் காலத்துக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம். முதல் நாள் ராத்திரி பதினொன்றரை வரைக்கும் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டாம் நாள் மழையில் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் ஓடவில்லை, அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மேகம் கலைந்ததும் பிள்ளைகள் முற்றத்தில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்துவிட்டார்கள். இவ்வளவு நட்சத்திரம் ஊரில் எங்கே போகிறது என்று கேட்டாள் மகள். நீங்கள் தோட்டத்தில் நட்டு வைத்திருக்கிற அந்த வெள்ளை ஃப்ளட் லைட்டைத்தான் காட்டினேன். ஒன்பது மணிக்கு அதை அணைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

சாமை அறுவடை சமயத்தில் வந்தால் புதுச் சாமையில் பொங்கல் வைத்துத் தருவதாக அக்கா மாமியாரிடம் சொல்லியிருக்கிறார். அதனால் மறுபடியும் வருகிறோம். அதற்குள் தாள் தயாராகிவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், என் மகள் எழுதித் தருவாள். மகனிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். வாந்தி எடுத்த இடத்தில் ஒன்றைத் தவறவிட்டுவிட்டு, கொல்லிமலைக்கு 69 வளைவுதான் என்று இன்னும் சாதித்துக்கொண்டிருக்கிறான்.