ஏட்டில் ஏறாத சாதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கால்பந்தின் தடுப்பாட்டச் சாதனையாளர்கள் குறித்துத் தாங்கள் வெளியிட்ட பட்டியலில் டீக்கன் ஜோன்ஸ் இடம்பெறாதது வியப்பளிக்கிறது. 1961ஆம் ஆண்டு வீரர் தேர்வில், 14ஆவது சுற்றில்தான் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி அவரை எடுத்தது. எதிரே நிற்பவரின் தலைக்கவசத்தில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்து, அவர் நிலைதடுமாறும் நொடியில் பக்கவாட்டில் பாய்ந்து, எதிரணியின் தாக்குதலை வழிநடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது ஜோன்ஸின் பாணி. முரட்டுத்தனம்தான், பின்னாளில் அந்த அறைக்குத் தடையும் வந்தது. குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கும் எண்ணிக்கையை, அந்நாட்டின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். 1982 முதல்தான் அதிகாரபூர்வமாகப் பதிவுசெய்கிறது; அவரோ 1974 பருவத்தோடு ஓய்வுபெற்றுவிட்டார். பழைய ஆட்டக் குறிப்புகளிலிருந்து ஆய்வாளர்கள் திரட்டிய 173.5 என்ற கணக்கை, அதிகாரபூர்வமற்றது என்ற குறிப்புடனாவது தாங்கள் வெளியிட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி